செக்: சதுரங்கப் பலகையிலிருந்து வங்கிக்கு வந்த சொல்

தமிழ்ச் செய்தித்தாள் படிக்கிறவர்களுக்கு இந்த மாதிரித் தலைப்பு பழகிப்போயிருக்கும்: ஒரு தலைவர் இன்னொரு தலைவருக்கு 'செக்' வைத்தார். அதே தாளின் உள்பக்கத்தில் செக் மோசடி வழக்கில் ஒருவருக்குச் சிறை என்று இருக்கும். கொஞ்சம் கீழே, செக்போஸ்டில் பிடிபட்ட லாரி. விளம்பரங்களைப் பார்த்தால் முழு உடல் செக்கப், அதற்குப் பக்கத்தில் பண்டிகைத் தள்ளுபடியில் செக்டு சட்டை. ஐந்து இடத்திலும் ஒரே ஆங்கிலச் சொல்தான்.

நெடுநாள் நான் இவற்றைத் தற்செயலாக ஒலி ஒத்துப்போன தனித்தனிச் சொற்கள் என்றே நினைத்திருந்தேன். எண்ணெய் ஆட்டும் செக்கும் ஒரு செக்குதானே, அதற்கும் வங்கிக்கும் என்ன உறவு? இவையும் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். பிறகு ஒருநாள் ஆங்கிலச் சொற்பிறப்பு அகராதியில் வேறெதையோ தேடும்போது இந்தச் சொல்லில் கண் நின்றது. எண்ணெய்ச் செக்கு நம்முடையது, தனி. மற்ற ஐந்தும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. அந்த வேர் ஆங்கிலமும் இல்லை, பிரெஞ்சும் இல்லை. பாரசீகத்தில் அரசனைக் குறிக்கும் 'ஷா' என்ற சொல்.

ஆட்டத்திலிருந்து தொடங்கினால்தான் இது விளங்கும். சதுரங்கம் என்ற வடமொழிப் பெயருக்கு நான்கு உறுப்பு என்று பொருள்: யானை, குதிரை, தேர், காலாள். ஆட்டம் இந்தியாவிலிருந்து பாரசீகத்துக்குப் போய் 'சத்ரங்' ஆனது, அரபியரிடம் 'ஷத்ரஞ்ச்' ஆனது. எதிராளியின் அரசனைத் தாக்கும்படி ஒரு காயை நகர்த்தினால், அதை வாய்விட்டுச் சொல்வது பாரசீக ஆட்டக்காரர்களின் வழக்கம். "ஷா!" என்பார்கள். உன் ராஜாவைப் பார்த்துக்கொள் என்று பொருள். இன்று நம் தெருத் திண்ணையில் இரண்டு சிறுவர்கள் ஆடும்போது ஒருவன் "செக்!" என்கிறானே, அவன் உண்மையில் பாரசீகத்தில் "ராஜா!" என்றுதான் சொல்கிறான்.

அந்த 'ஷா' என்ற சொல்லும் நமக்கு முற்றிலும் அந்நியம் இல்லை. பழம்பாரசீகக் கல்வெட்டுகளில் அது 'க்ஷாயதிய' என்று இருக்கிறது. ஆளுதல் என்ற பொருள் கொண்ட வேர் அது. வடமொழியில் ஆட்சியைக் குறிக்கும் 'க்ஷத்ர' என்ற சொல்லும், அதிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட சத்திரியர் என்ற சொல்லும் அந்த வேரின் உறவுகள். திருவாரூர் மாவட்டத்துத் திருப்பூவனூரில் சிவனுக்கே சதுரங்க வல்லபநாதர் என்று பெயர். இளவரசியோடு சதுரங்கம் ஆடி வென்றார் என்பது தலபுராணம். அப்படி ஆட்டம் ஊறிய மண்ணுக்கு, ஆட்டத்தில் சொல்லும் சொல் மட்டும் பாரசீகம், அரபு, லத்தீன், பிரெஞ்சு, ஆங்கிலம் என்று சுற்றிவந்து சேர்ந்திருக்கிறது.

செக்மேட் என்பதும் இதே வழியில் வந்ததுதான். மூலம் 'ஷா மாத்'. 'ராஜா செத்தார்' என்று இதற்குப் பலரும் பொருள் சொல்வார்கள், ஏனென்றால் அரபியில் 'மாத்த' என்றால் இறந்தான். ஆனால் பாரசீகத்தில் 'மாத்' என்றால் திகைத்துப்போன, செய்வதறியாத நிலை. எனக்கு இந்த இரண்டாவது பொருள்தான் சரியாகப் படுகிறது. சதுரங்கத்தில் எந்தக் காயையும் வெட்டலாம், ராஜாவை மட்டும் வெட்ட முடியாது. நகர வழியில்லாமல் அவர் நிற்கும்போது ஆட்டம் முடிந்துவிடுகிறது. அங்கே சாவு இல்லை, கையறு நிலைதான் உண்டு.

சரி, 'ஷா' எப்படி 'செக்' ஆனது? ஐரோப்பாவுக்குள் நுழைந்ததும் இடைக்கால லத்தீனில் அது 'ஸ்காக்குஸ்' என்று மாறியது. பழைய பிரெஞ்சுக்காரர்களுக்கு, மெய் இரண்டு சேர்ந்து 'ஸ்க' என்று தொடங்கும் சொல்லை அப்படியே உச்சரிப்பது கடினம். முன்னால் ஓர் எகரத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். 'எஸ்செக்' வந்தது. நம் பாட்டிமார் ஸ்கூலை இஸ்கூல் என்றும் ஸ்டேஷனை இஸ்டேஷன் என்றும் சொன்னார்களே, அதே காரணம், அதே தீர்வு. படிக்காதவர் பேச்சு என்று நாம் ஒதுக்கும் அந்த இகரம், பிரெஞ்சிலும் ஸ்பானியத்திலும் இலக்கணமாகவே உட்கார்ந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தைப் பிரெஞ்சில் எக்கோல், ஸ்பானியத்தில் எஸ்குவேலா என்கிறார்கள். ஆங்கிலேயர் அந்த முன்னொட்டை உதறிவிட்டு 'செக்' என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஆட்டத்தின் பெயரான செஸ் எங்கிருந்து வந்தது என்றால், அது 'எஸ்செக்' என்பதன் பன்மையான 'எஸ்ச்செஸ்'. அதாவது செக் ஒருமை, செஸ் பன்மை. பிரெஞ்சில் இன்றும் ஒருமையில் சொன்னால் தோல்வி, பன்மையில் சொன்னால் சதுரங்கம்.

ஆங்கிலத்துக்குள் வந்தபின் இந்தச் சொல் பலகையை விட்டு இறங்க அதிக நாள் எடுத்துக்கொள்ளவில்லை. 14-ஆம் நூற்றாண்டிலேயே, வேகமாக வந்தவனை எதிர்பாராமல் தடுத்து நிறுத்துவது என்ற பொருளில் அது நடமாடத் தொடங்கிவிட்டது. அந்த நூற்றாண்டின் கவிஞர் சாசர், மனைவியை இழந்த ஒரு பிரபுவின் துயரைப் பாடும்போது, விதி அவனோடு சதுரங்கம் ஆடி அவனுடைய 'ஃபெர்ஸ்' காயை வெட்டிவிட்டு "செக்" என்று சொன்னதாக எழுதுகிறார். ஃபெர்ஸ் என்பது பாரசீகத்தில் மந்திரி. நம் ஊரிலும் ராணியை மந்திரி என்று சொல்லி ஆடுகிறவர்கள் உண்டு. ஐரோப்பாவில் மந்திரி ராணியாக மாறிவிட்டதால்தான், மனைவியை இழந்தவனின் வேதனை அந்த ஒரு காயில் முழுதாக அடங்குகிறது.

தடுத்து நிறுத்துவதிலிருந்து அடக்கி வைப்பது என்ற பொருள் வந்தது. அரசியலில் ஓர் அதிகாரத்துக்கு இன்னோர் அதிகாரம் தடையாக இருக்க வேண்டும் என்ற கருத்துக்கும் இந்தச் சொல்லே கைகொடுத்தது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க அரசியலமைப்பை ஆதரித்து எழுதியவர்கள் இதைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள்.

ஆனால் நாம் அன்றாடம் பயன்படுத்தும் பொருள் அதுவல்ல. "கேஸ் மூடியிருக்கா, செக் பண்ணு" என்றால் சரிபார் என்று பொருள். நிறுத்து என்பது சரிபார் என்று ஆனது எப்படி? இந்தச் சொல்லின் வாழ்க்கையிலேயே அழகான திருப்பம் இதுதான் என்பேன். கணக்கெழுதும் குமாஸ்தா கைவைத்துவிடாமல் இருக்க அவருக்கு ஒரு தடை வேண்டும். அந்தத் தடை என்ன? அவர் எழுதியதை இன்னொருவர் வைத்திருக்கும் பிரதியோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. ஒப்பிடுவதே தடை. இப்படித்தான் 17-ஆம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் செக் என்பதற்குச் சரிபார்ப்பு என்ற பொருள் நிலைத்தது. ஆங்கிலத்தின் கன்ட்ரோல் என்ற சொல்லும் இதே பாதையில் வந்ததுதான். அதன் முதற்பொருள் கணக்குச் சுருளின் எதிர்ப்பிரதி.

இந்த இரண்டு பொருளையும் ஒருசேரப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு செக்போஸ்டுக்குப் போனால் போதும். சாலைக்குக் குறுக்கே கம்பு. வண்டி நிற்கிறது; அது பழைய பொருள். டார்ச் அடித்துச் சரக்கையும் ரசீதையும் ஒத்துப் பார்க்கிறார்கள். அது புதிய பொருள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் மாநில எல்லைகளின் வணிகவரிச் சாவடிகளுக்கு வேலையில்லாமல் போனது. கம்பை எடுத்த பிறகும் பல ஊர்களில் பேருந்து நிறுத்தத்தின் பெயர் மட்டும் செக்போஸ்ட் என்றே நிற்கிறது. இலங்கைத் தமிழர்கள் சோதனைச்சாவடி என்று சொல்லும்போது அந்தச் சொல்லில் வேறொரு கனம் இருக்கிறது. பல ஆண்டுப் போரில் இறங்கி நின்று, அடையாள அட்டையை நீட்டி, மறுபடி ஏறியவர்களின் சொல் அது. வரிச் சாவடியில் சரக்கைச் சரிபார்த்தார்கள், அங்கே ஆளையே சரிபார்த்தார்கள்.

தமிழ் இந்தச் சொல்லைத் தன் போக்கில் வளைத்தும் இருக்கிறது. பேருந்தில் "செக்கிங் வந்துட்டாங்க" என்று யாராவது சொன்னால், அங்கே செக்கிங் என்பது செயலே இல்லை, வந்து ஏறிய ஆட்கள். ஆங்கிலத்தில் இப்படிச் சொல்ல முடியாது. அப்புறம், நான் முதலில் சொன்ன செய்தித்தாள் தலைப்பு. அரசியல்வாதிக்குச் 'செக் வைப்பது' என்ற பிரயோகத்தில் ராஜாவை மடக்கும் அந்தப் பழைய சதுரங்கப் பொருள் இன்னும் பச்சையாக இருக்கிறது. ஆங்கிலத்தில் அது ஏறக்குறைய மங்கிவிட்டது. அவர்களுக்குச் சொன்னவுடன் நினைவுக்கு வருவது சரிபார்ப்புதான். தமிழில் செக் 'வைக்கிறோம்', காயை வைப்பதைப் போல. இது அழகு என்றே எனக்குத் தோன்றுகிறது.

அமெரிக்காவில் இந்தச் சொல் இன்னும் சில சந்துகளுக்குள் புகுந்தது. 19-ஆம் நூற்றாண்டு ரயில்களில் பெட்டியை ஒப்படைத்தால் எண் பொறித்த இரண்டு பித்தளை வில்லைகள் உண்டு. ஒன்று பெட்டியில் தொங்கும், இன்னொன்று பயணியிடம். இறங்கும் ஊரில் இரண்டும் ஒத்துப்போனால் பெட்டி கைக்கு வரும். அந்த வில்லைக்குப் பெயர் செக். இன்று விமான நிலையத்தில் பெட்டியைச் 'செக்-இன்' செய்கிறோமே, அந்தப் பேச்சு அங்கிருந்து வந்தது. உணவகத்தில் நாம் பில் என்று கேட்பதை அவர்கள் செக் என்று கேட்கிறார்கள். பரீட்சைத் தாளில் நாம் போடும் டிக் அடையாளமும் அங்கே செக்தான்.

இதுவரை சொன்னதெல்லாம் ராஜாவின் வழி. இன்னொரு வழி பலகையின் வழி. சதுரங்கப் பலகைக்குப் பழைய பிரெஞ்சில் 'எஸ்செக்கியர்' என்று பெயர். அதன் கட்டங்களைப் போன்ற எந்த வடிவத்துக்கும் அந்தப் பெயரின் குறுக்கமே நிலைத்தது. கட்டம் போட்ட துணி செக் ஆனது அப்படித்தான். நாம் அதைக் கட்டம் என்றே சொல்லிவந்தோம்: பாலும் பழமும் கட்டம், முத்துக்கட்டம், செட்டிநாட்டுக் கண்டாங்கியின் பட்டைக்கட்டம். நம் கரையிலிருந்து கப்பலேறிய கட்டம் போட்ட பருத்தித் துணிக்கு ஆங்கிலத்தில் மெட்ராஸ் என்றே பெயர் விழுந்துவிட்டது. நைஜீரியாவின் ஆற்றுக் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் அதை 'இஞ்சிரி' என்கிறார்கள். குழந்தை பிறப்பிலிருந்து இறப்பு வரையான சடங்குகளில் அவர்களுக்கு அந்தத் துணி வேண்டும். எங்கோ இங்கே தறியில் நெய்த கட்டத்தை அவர்கள் தங்கள் முன்னோரின் துணியாகவே போற்றுகிறார்கள் என்பதை முதன்முதலில் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

பலகையின் வழி இன்னோரிடத்துக்கும் போகிறது. அங்கேதான் பணம் வருகிறது.

12-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து. நார்மன் மன்னர்களின் ஆட்சி. மாவட்டந்தோறும் வரி வசூலித்த அதிகாரிகள் ஆண்டுக்கு இருமுறை வந்து அரசனின் கருவூலத்தில் கணக்குக் காட்ட வேண்டும். கணக்கு நடந்த மேசை எப்படி இருந்தது என்று, இரண்டாம் ஹென்றியின் கருவூலத் தலைவராக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் 1170-களின் இறுதியில் எழுதிய நூலில் விவரித்திருக்கிறார். நீளம் ஏறக்குறைய 10 அடி, அகலம் 5 அடி. மேலே வைத்தது விழாமலிருக்க நாற்புறமும் நான்கு விரல் உயர விளிம்பு. அதன்மேல் கோடுகளால் கட்டம் பிரித்த ஒரு கறுப்புத் துணி. பார்க்கச் சதுரங்கப் பலகை மாதிரியே இருந்ததால் மேசைக்கு அந்தப் பெயர் வந்தது. மேசையின் பெயர் அந்த அலுவலகத்துக்கும் ஒட்டிக்கொண்டது.

எதற்காகக் கட்டம்? அவர்களிடம் அன்று ரோமன் எண்கள்தான் இருந்தன. அவற்றைக் கொண்டு கூட்டிக் கழிப்பது பெரும்பாடு. அதனால் துணியில் பத்திகள் பிரித்தார்கள். வலக்கோடியில் பென்னி, அடுத்து ஷில்லிங், அடுத்து பவுண்டு, பிறகு இருபது பவுண்டு, நூறு, ஆயிரம். காசுகளைப் போன்ற வில்லைகளை அந்தந்தப் பத்தியில் அடுக்குவார்கள். கட்ட வேண்டிய தொகை ஒரு வரிசையில், கட்டிய தொகை இன்னொரு வரிசையில். மேலிருந்து கீழே கழித்தால் பாக்கி கண்ணுக்கு முன்னால் நிற்கும். அவர்கள் எழுத்தில் பூஜ்யம் இல்லை, ஆனால் மேசையில் இருந்தது: காலியாக விட்ட கட்டமே பூஜ்யம். எழுதப் படிக்கத் தெரியாத அதிகாரியும் தன் கணக்கைத் தானே பார்த்துப் புரிந்துகொள்ளலாம்.

ஃபிட்ஸ்நீல் ஒரு படி மேலே போகிறார். பலகையில் இரண்டு அரசர்கள் மோதுவதைப் போல, இந்த மேசையில் கருவூலத் தலைவரும் வரி அதிகாரியும் மோதுகிறார்கள், மற்றவர்கள் நடுவர்களாகச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எழுதுகிறார். ஆக, பெயருக்குக் காரணம் துணியின் கட்டம் மட்டும் அல்ல. அந்த மேசையில் நடந்ததும் ஓர் ஆட்டம்தான் என்பதை உள்ளே இருந்தவரே உணர்ந்திருந்தார். மேசை போய்ப் பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் பிரிட்டனின் நிதியமைச்சருக்கு இன்றும் 'சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்' என்பதே பதவிப் பெயர். தமிழில் எழுத்தெழுத்தாகப் பெயர்த்தால் சதுரங்கப் பலகையின் அமைச்சர். அந்தப் பெயரின் தொடக்கத்தில் உள்ள 'எக்ஸ்' பிற்காலத்து எழுத்தர்கள் தவறாகச் சேர்த்தது. பிரெஞ்சு 'எஸ்' என்று தொடங்கினால் அது லத்தீன் 'எக்ஸ்' ஆகத்தான் இருக்க வேண்டும் என்று எண்ணித் திருத்திவிட்டார்கள். அது வெறும் இஸ்கூல் இகரம் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை.

பணம் கட்டியவருக்கு ரசீது என்ன? காகிதம் இல்லை, மரக்குச்சி. பெரும்பாலும் ஹேசல் மரம். தொகையைக் குச்சியில் வெட்டுக்களாகப் பதிப்பார்கள். ஆயிரம் பவுண்டு என்றால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெட்டு, நூறுக்குக் கட்டைவிரல் அகலம், இருபதுக்குச் சுண்டுவிரல், ஒரு பவுண்டுக்கு முற்றிய வாற்கோதுமை மணி அளவு. பிறகு குச்சியை நெடுக இரண்டாகப் பிளப்பார்கள். பாதி இவரிடம், பாதி அவரிடம். பின்னாளில் தகராறு வந்தால் இரண்டையும் சேர்த்து வைக்க வேண்டியதுதான். மரத்தின் ரேகை ஒட்டவில்லையென்றால் மோசடி. நீளமான பாதிக்கு ஆங்கிலத்தில் ஸ்டாக் என்று பெயர். மரத்தின் அடிக்கட்டையைக் குறிக்கும் சொல் அது.

இந்தக் குச்சிகள் 1826 வரை புழக்கத்தில் இருந்தன. பயன் முடிந்தபின் குவிந்துகிடந்தவற்றை 1834 அக்டோபர் 16 அன்று நாடாளுமன்றக் கட்டடத்தின் கீழே இருந்த அடுப்புகளில் போட்டு எரித்தார்கள். உலர்ந்த மரம், அனல் கட்டுமீறியது. அன்றிரவு பிரிட்டனின் நாடாளுமன்றமே எரிந்து போனது.

குச்சிக்குப் பதில் காகிதம் வந்தபோதும் முறை மாறவில்லை. 1659-இல் லண்டனில் 400 பவுண்டுக்கு எழுதப்பட்ட ஒரு தாள் இன்றும் இருக்கிறது. இன்னாருக்கு இவ்வளவு கொடுங்கள் என்று பணம் காப்பவர்களுக்கு எழுதிய சிறு கடிதம் அது. அப்போது அதற்குச் செக் என்று பெயர் கிடையாது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செக் என்பது, பணமுறியைக் கிழித்துக் கொடுத்தபின் கொடுத்தவரிடம் எஞ்சும் துண்டுக்கு வழங்கிய பெயர். போலியைத் தடுக்க, ஒத்துப் பார்க்க வைத்துக்கொள்ளும் துண்டு. காலப்போக்கில் வைத்துக்கொண்ட துண்டின் பெயர் கிழித்துக் கொடுத்த தாளுக்குப் போய்விட்டது. பிரிட்டனில் அதன் எழுத்துக்கூட்டல் எக்ஸ்செக்கரைப் பார்த்து cheque என்று மாறியது. அமெரிக்கர்கள் அதை எடுத்துக்கொள்ளாமல் check என்ற பழைய எழுத்திலேயே நிறுத்திக்கொண்டார்கள்.

ஆக, வங்கிச் செக்கில் இரண்டு வழியும் வந்து கலக்கின்றன. ராஜாவின் வழியில் வந்த தடையும் சரிபார்ப்பும் அதன் பொருளில் இருக்கின்றன, பலகையின் வழியில் வந்த கருவூலம் அதன் பிரிட்டிஷ் எழுத்தில் இருக்கிறது.

இந்தியாவில் செக்குக்குச் சட்ட உருவம் 1881-இன் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் வந்தது. பணமில்லாமல் செக் திரும்பினால் குற்றம் என்ற 138-ஆம் பிரிவு 1988-இல் கொண்டுவந்த திருத்தத்தில் சேர்ந்தது. செக் மோசடி என்று செய்தியில் வருவது பெரும்பாலும் இந்தப் பிரிவுதான். செக் திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அதைப் பெற்ற 15 நாளுக்குள் செக் கொடுத்தவர் பணம் கொடுக்கவில்லை என்றால் வழக்குக்குப் போகலாம். 2 ஆண்டு வரை சிறை, அல்லது தொகையைப்போல் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். கடனாகக் கைமாறிய பணத்துக்குத் தேதி போடாத செக்கை வாங்கி வைத்துக்கொண்டு பின்னாளில் நீட்டும் வழக்கம் நம் ஊரில் இருக்கிறது. கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுச் செக்கை யாருக்கும் கொடுக்காதீர்கள் என்று பெரியவர்கள் சொல்வதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தாள் இப்போது அதிகம் பயணிப்பதும் இல்லை. சென்னையில் 2011 முதல் செக்கின் படம்தான் வங்கிக்கு வங்கி போகிறது. 2021 ஜனவரியில் 'பாசிட்டிவ் பே' என்ற முறை வந்தது. 50,000 ரூபாய்க்கோ அதற்கு மேலோ செக் கொடுப்பவர், யாருக்கு, எவ்வளவு, என்ன தேதி என்பதைத் தன் வங்கிக்கு முன்கூட்டியே தெரிவிக்கலாம். செக் வந்ததும் வங்கி இரண்டையும் பொருத்திப் பார்க்கும். ஹேசல் குச்சியின் இரண்டு பாதிகளை மறுபடி ஒட்டவைத்துப் பார்ப்பதுதான் இது, மரம் மட்டும் இல்லை.

செக் என்பதற்குத் தமிழில் ஒரே சொல் தேடுவது வீண் என்று எனக்குப் படுகிறது. ராஜாவுக்கு வைத்தால் முற்றுகை, கணக்கில் சரிபார்ப்பு, சாலையில் சோதனை, துணியில் கட்டம் என்று அதைப் பிரித்துத்தான் சொல்ல முடியும். வங்கிச் செக்குக்கு வந்த காசோலை என்ற சொல் இவற்றுள் மிக நேர்த்தியானது. அந்த முதல் செக்குகள் உண்மையில் ஓலைகள்தானே, இன்னாருக்குப் பணம் கொடுக்கச் சொல்லி எழுதிய ஓலைகள்.

என் அப்பா செக்குப் புத்தகம் தீர்ந்ததும் அதைத் தூக்கிப் போடமாட்டார். தாள்கள் எல்லாம் போய், ஓரத்துத் துண்டுகள் மட்டும் தைத்தபடி இருக்கும். ஒவ்வொன்றிலும் தேதி, பெயர், தொகை, பள்ளிக் கட்டணமா வீட்டு வரியா என்ற குறிப்பு. ரப்பர் பேண்டு போட்டு பீரோவின் மேல்தட்டில் அடுக்கியிருப்பார். செக் என்ற பெயர் முதலில் விழுந்தது அந்தத் துண்டின்மேல்தான். அதற்கு அப்பா சொல்லும் பெயர், வங்கியில் எல்லோரும் சொல்லும் பெயர், அடிக்கட்டை.